கொம்பையன் வேர் தேடின கதை

ஒரு காட்டில் அரசாங்கம் இருந்தது. மரமும் ஆறும் மலையும் அங்கே தானாக வந்தவை. அரசாங்கத்தை மட்டும் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த அரசாங்கத்தில் கொம்பையன் என்ற காட்டுப்பன்றிக்கு ஒரு வேலை இருந்தது. அரண்மனைச் சமையலுக்குக் கிழங்கு தோண்டிக் கொடுக்கிற வேலை.

ராஜா உக்கிரசிம்மர் சிங்கம். சிங்கம் கிழங்கு சாப்பிடாது. அதற்காக அரண்மனையில் கிழங்குத் துறை இல்லாமல் இருக்க முடியுமா? கொம்பையன் தினமும் தோண்டுவான், கொண்டுபோய்க் குவிப்பான், அது அங்கேயே கிடந்து அழுகும். மறுநாள் மறுபடி தோண்டுவான். சின்ன வேலைதான், ஆனாலும் நிரந்தரம். சிலம்பாயியின் அப்பா அவனுக்குப் பெண் கொடுத்ததே அதற்காகத்தான். "மாப்பிள்ளை கொஞ்சம் மந்தம். ஆனா எந்த ராஜா வந்தாலும் வேலை போகாது" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அந்த வருஷம் ராஜாவின் பிறந்தநாளைப் பெரிதாகக் கொண்டாடினார்கள். ஆற்றங்கரைப் பலாமரத்தடியில் மேடை, கிளைக்குக் கிளை ஒலிபெருக்கி. தலைமைச் செயலர் அலகேசன் பேசிக்கொண்டிருந்தார். அவர் ஓர் இருவாச்சிப் பறவை. உடம்பைவிட அலகு பெரிது, அலகைவிடப் பேச்சு பெரிது. "நம் மகாராஜாவின் ஆட்சியில் ஒரு சருகுகூட அனுமதியின்றி உதிர்வதில்லை" என்று அவர் சொன்ன அதே நேரத்தில் ராஜாவுக்குத் தும்மல் வந்தது. கம்பீரமாகத் தும்மவேண்டும் என்று எழுந்து ஓரடி முன்னால் வந்தார்.

தொம்!

பாதி பழுத்த பலா ஒன்று, ஒரு கன்றுக்குட்டி அளவு இருக்கும், சிம்மாசனத்தின் மேல் விழுந்து வெடித்தது. சிம்மாசனம் சப்பையாகிவிட்டது. ராஜாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பலாப்பால் முழுக்க அவர் பிடரியில் தெறித்துவிட்டது. பலாப்பால் ஒட்டினால் என்ன ஆகும் என்று பலா அரிந்தவர்களுக்குத் தெரியும். சேவகர்கள் மண்ணைப் போட்டுத் தேய்த்தார்கள். மண்ணும் ஒட்டிக்கொண்டது. சருகைப் போட்டுத் துடைத்தார்கள். சருகும் ஒட்டிக்கொண்டது. துடைக்கப்போன ஒரு முயல் ஒட்டிக்கொண்டு, அதைப் பிரித்தெடுக்கவே வெகுநேரம் ஆனது.

"இது விபத்தல்ல!" என்று அலகேசன் ஒலிபெருக்கியில் கத்தினார். "உள்நாட்டுப் பயங்கரவாதம்!"

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காட்டில் அந்தச் சொல்லை அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டவுடனே எல்லோருக்கும் கொஞ்சம் பயமாகவும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ராஜா மண்ணும் சருகும் முயல்முடியுமாக நின்று கர்ஜித்தார். "யார் செய்தது என்று எனக்குத் தெரியவேண்டாம். இதன் வேர் எது? வேரைக் கண்டுபிடியுங்கள்! வேரோடு பிடுங்குங்கள்!"

அலகேசன் யோசித்தார். வேர் என்றால் மண்ணுக்கடியில் இருக்கும். மண்ணுக்கடியில் இருப்பதெல்லாம் கிழங்குத் துறையைச் சேர்ந்தது. அப்படித்தான் கொம்பையன், கிழங்கு தோண்டுகிற கொம்பையன், வேர் கண்டறியும் ஆணையத்தின் தலைவன் ஆனான். கழுத்தில் ஒரு சிவப்புப் பட்டையும் ஒரு விசிலும் கிடைத்தன.

வீட்டுக்கு விசில் ஊதிக்கொண்டே போனான். சிலம்பாயி சேற்றில் இருந்து எழுந்துவந்து பார்த்தாள்.

"ஏங்க, தலைவர்னா கிழங்குக்காரருக்கு மேலயா, கீழயா?"

"மேல."

"எவ்வளவு மேல?"

கொம்பையன் விசிலை இன்னொரு தடவை ஊதிக் காட்டினான். சிலம்பாயி அதைக் கேட்டுப் பூரித்துப் போனாள். பக்கத்துப் புதர்க்காரர்களுக்குக் கேட்கட்டும் என்று இன்னும் நாலு தடவை ஊதச் சொன்னாள்.

மறுநாள் காலையில் பலாமரத்தடியில் தோண்ட ஆரம்பித்தான். நல்ல ஈரமண், மூக்குக்கு இதமாக இருந்தது. குழி கழுத்தளவு ஆனபோது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"கொம்பண்ணே, என்ன தேடறீங்க?"

மண்மேட்டில் உட்கார்ந்திருந்தவன் செவந்தப்பன். மலையணில். செம்பட்டை நிறம், ஆளைவிட நீளமான வால், யாரோடும் சண்டை சச்சரவு இல்லாதவன்.

"பயங்கரவாதத்தோட வேரைத் தேடறேன் தம்பி. தள்ளி உட்காரு, மண்ணு விழும்."

"அது அங்க இல்லண்ணே. பழத்தைக் கடிச்சுவிட்டது நான்தான்."

கொம்பையன் குழியில் இருந்தபடியே அண்ணாந்து பார்த்தான்.

"மேலே விழணும்னு நினைக்கலண்ணே. பின்னால விழட்டும், கொஞ்சம் பயப்படட்டும்னு நினைச்சேன். அவரு தும்மலைன்னா..." செவந்தப்பன் வாலைப் பிடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நெனச்சாலே கை நடுங்குது."

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"ஒலிபெருக்கி கட்டறோம்னு என் கூடு இருந்த கிளையை ஒடிச்சுப் போட்டாங்க. கூடு போச்சு. சரி, கேட்போம்னு குறைதீர்க்கும் கவுண்ட்டருக்குப் போனேன். ஆமை தலையை நீட்டிப் பார்த்தாரு. என்ன பிராணின்னாரு. அணில்னேன். திரும்புன்னாரு. திரும்பினேன். முதுகுல மூணு கோடு எங்கன்னாரு. நான் மலையணில், எங்க வம்சத்துக்கே கோடு கிடையாதுன்னேன். 'கோடு இல்லாதவன் அணில் இல்ல. போய்க் கோடு போட்டுக்கிட்டு வா'ன்னு சொல்லித் தலையை உள்ளே இழுத்துக்கிட்டாரு. வரிசையில நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நீங்களும் நின்னீங்கண்ணே. நீங்களும் சிரிச்சீங்க."

கொம்பையனுக்கு ஞாபகம் வந்தது. உண்மையாகவே வயிறு குலுங்கச் சிரித்திருந்தான். வீட்டுக்குப் போய்ச் சிலம்பாயியிடம் சொல்லி அவளையும் சிரிக்க வைத்திருந்தான். இப்போது தலையைக் குனிந்து குழிமண்ணை மூக்கால் கிளறினான்.

"அன்னைக்கு சாயங்காலம் போன்ல அந்தக் குரல் வந்துச்சு" என்றான் செவந்தப்பன்.

அந்தக் குரல் கரியமாணிக்கத்தின் குரல். கரியமாணிக்கம் ஒரு கரிச்சான் குருவி. கன்னங்கரேல் உடம்பு, இரண்டாகப் பிளந்த வால். எந்தப் பிராணியின் குரலையும் அச்சு அசலாகப் பேசிக் காட்டுவான். 'விழித்தெழு வனமே' என்று போனில் ஒரு குழு நடத்தினான். அதில் தினமும் ஒரு குரல் செய்தி வரும். அன்றைக்கு வந்தது ராஜாவின் குரலில் இருந்தது. 'கோடில்லாதவர்களைக் காட்டை விட்டே விரட்டுவோம், ஹா ஹா ஹா' என்று. அதன் பின்னால் கரியமாணிக்கமே தன் சொந்தக் குரலில், 'செவந்தப்பண்ணே, உங்களுக்கு நடந்தது எங்களுக்குத் தெரியும். நீங்க அணில்தான்' என்று சொல்லியிருந்தான்.

"ஊர்ல எவனும் சொல்லாததை அவன் சொன்னாண்ணே. அதுக்கப்புறம் அவன் எது சொன்னாலும் நம்பணும்போல இருந்துச்சு."

கொம்பையன் குழியை விட்டு ஏறினான். அவனுக்கு ஒரே சந்தோஷம். முதல் நாளே வேர் கிடைத்துவிட்டது! செவந்தப்பனைக் கூட்டிக்கொண்டு நேராக அலகேசனின் மரப்பொந்துக்குப் போனான்.

"ஐயா, வேரைக் கண்டுபிடிச்சிட்டேன். நம்ம கவுண்ட்டர்தான்யா வேர். இவனைக் கேலி பண்ணி அனுப்பியிருக்காங்க. அந்த வலியில இவன் பழத்தைக் கடிச்சுவிட்டிருக்கான். இவனுக்கு ஒரு கூடும், ஒரு நல்ல வார்த்தையும் கொடுத்தா விஷயம் முடிஞ்சது."

அலகேசன் செவந்தப்பனை ஒரு கண்ணால் பார்த்தார். "இது என்ன பிராணி?"

"அணிலுங்க."

"திரும்பு."

செவந்தப்பன் திரும்பினான்.

"கோடு இல்லை. அணில் இல்லை. இல்லாத பிராணி எப்படிக் குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியும்? வெளியே போகச் சொல்." அவன் போனதும் அலகேசன் குரலைத் தாழ்த்தினார். "கொம்பையா, உனக்கு அறிவிருக்கிறதா? உள்நாட்டுப் பயங்கரவாதத்துக்கு வேர் எங்கள் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிற ஆமை என்று நான் போய் மகாராஜாவிடம் சொல்லவா? அவர் பிடரியில் இன்னும் முயல்முடி போகவில்லை. அவருக்குப் பெரிய வேர் வேண்டும். ஆழமான வேர். வெளிக்காட்டுச் சதி மாதிரி ஒன்று. போ, தோண்டு."

கொம்பையன் தயங்கினான். அலகேசன் அலகால் அவன் கழுத்துப் பட்டையைத் தொட்டு நேராக்கினார். "இது உனக்கு நன்றாக இருக்கிறது. கழற்ற மனசு வருமா?"

வரவில்லை. அதுதான் வினை.

கொம்பையன் தோண்டினான். பலாமரம் சாய்ந்தது. அதன் வேரில் சதி எதுவும் இல்லை. பக்கத்து நாவல்மரத்தைத் தோண்டினான். அதுவும் சாய்ந்தது. தேக்கு, புளி, அத்தி, ஆச்சா. விசில் ஊதுவான், 'தள்ளு, தள்ளு' என்பான், மரம் விழும். நாலு மரம் விழுந்ததும் அவனுக்கே அதில் ஒரு ருசி வந்துவிட்டது. பிராணிகள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தன. முதல் மரம் விழுந்தபோது கைதட்டின. தாங்கள் குடியிருந்த மரம் விழுந்தபோது கைதட்டவில்லை.

ஆந்தைகள் பட்டப்பகலில் பொந்தில்லாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு அலைந்தன. வௌவால்கள் தொங்க இடமில்லாமல் மான்கொம்பில் தொங்கின, மானுக்குக் கழுத்து வலித்தது. முள்ளம்பன்றியின் வளை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. எல்லோரும் கவுண்ட்டருக்குப் போனார்கள். ஆமை ஆந்தையிடம், 'பகல்ல வந்திருக்கீங்க, நீங்க ஆந்தைன்னு எப்படி நம்பறது?' என்றார். வௌவாலிடம், 'பறவை வரிசையா, விலங்கு வரிசையா? முதல்ல நீங்க முடிவு பண்ணுங்க' என்றார். முள்ளம்பன்றியைப் பார்த்து, 'நீங்க கொம்பையனுக்குச் சொந்தமா? அப்ப அவர்கிட்டயே கேளுங்க' என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள். தங்கள் முறை வந்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள். மரநிழல் போய்விட்டதால் எல்லாம் கொளுத்துகிற வெயிலில் நடந்தது.

வெளியே வந்து போனைத் திறந்தால் கரியமாணிக்கம் காத்திருந்தான். 'வாங்கண்ணே. வாங்கக்கா. உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது.'

ஒருநாள் கொம்பையன் அவனை ஒரு மொட்டை மரத்தில் பிடித்தான்.

"ஏன்டா கரியா, எல்லாரையும் ஏன்டா கிளப்பிவிடறே? ராஜா மேல உனக்கு என்ன கோபம்?"

"கோபமா? எனக்கா?" கரியமாணிக்கம் சிரித்தான். "இருங்க, காட்டறேன்." தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அலகேசன் குரலில் போனுக்குள் பேசினான். 'அரசாணை. எல்லாப் பிராணிகளும் வரும் வெள்ளிக்கிழமைக்குள் தத்தம் வாலை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும்.'

அவ்வளவுதான். காடே அலறியது. மான்கள் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு ஓடின. குரங்குகள் ஒருவர் வாலை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடின. காட்டெருமைகள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வட்டமாக ஓடின. ஓடின வேகத்தில் புல்லுக்குள் இருந்த பூச்சிகளெல்லாம் மேலே பறந்தன. கரியமாணிக்கம் சாவகாசமாகப் பறந்துபோய் வெட்டுக்கிளி ஒன்று, தும்பி ஒன்று, ஈசல் கொஞ்சம் என்று பிடித்துத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"பார்த்தீங்களா? நாலு பேரு பதறி ஓடினாத்தான் எனக்குச் சாப்பாடு. அரசியலெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. நான் குடும்பஸ்தன்."

அன்றைக்குத்தான் 'வால் காப்பு முன்னணி' பிறந்தது. பூச்சிக்காகக் கிளம்பின பொய் அது. ஆனால் அதை நம்பினவர்களுக்கு வீடு போனது பொய்யில்லையே. முன்னணிக்குச் செவந்தப்பன்தான் நாயகன். 'பலா வீசிய மாவீரன்' என்று அவனுக்குப் பட்டம். மேடையில் ஏற்றி உட்காரவைத்தார்கள். குட்டிகள் அவனைப்போல் நடக்கப் பழகின. கொம்பையன் ஒருநாள் அவனை வழியில் நிறுத்தி, "தம்பி, அன்னைக்கு நெனச்சாலே கை நடுங்குதுன்னியேடா" என்றான்.

"இப்ப நடுங்கறதில்லண்ணே" என்றான் செவந்தப்பன். "அங்க என்னைப் பார்த்ததும் எழுந்து நிக்கறாங்க. இடம் விட்டு உட்காரச் சொல்றாங்க. நான் எந்திரிச்சு வீட்டுக்குப் போகணும்னா, முதல்ல எனக்கு வீடு வேணுமில்ல?"

கொம்பையன் விசிலை வாய்க்குக் கொண்டுபோனான். ஊத மனசு வரவில்லை.

முன்னணி வளர வளர அலகேசனுக்கு உற்சாகம். "பார்த்தாயா? வேர் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது! நிறுத்தாதே, தோண்டு!" தோண்டத் தோண்ட முன்னணி வளர்ந்தது. முன்னணி வளர வளரத் தோண்டச் சொன்னார்கள். இப்படியே ஒரு கோடை முழுக்கப் போனது. நிழல் போய்ச் சிலம்பாயியின் சேற்றுக்குளமும் வறண்டு, பாளம் பாளமாக வெடித்தது. பக்கத்துப் புதர்க்காரர்கள் அவளோடு பேசுவதை விட்டுவிட்டார்கள். அவள் வெடித்த சேற்றில் உட்கார்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க. நீங்க தோண்டறது வேரா, நமக்கான குழியா?"

"சிலம்பு, நான் வேலையை விட்டுடறேன்."

"அதை முதல்ல செய்யுங்க. நான் முன்னணியில சேர்ந்துட்டேன்."

"எப்ப?"

"நேத்து. அங்க தண்ணி குடுத்தாங்க."

ராஜினாமா செய்வதென்றால் ராஜாவின் காதிலேயே நேரில் சொல்லவேண்டும் என்பது அந்தக் காட்டுச் சட்டம். ராஜாவைப் பார்க்கவேண்டும் என்றால் கவுண்ட்டர் வழியாகத்தான் போகவேண்டும். கொம்பையன் வரிசையில் போய் நின்றான். நல்ல உச்சி வெயில். முன்னால் ஒரு பெரிய பிராணி தலைகுனிந்து நின்றது. மஞ்சள் நிறம். தலையும் கழுத்தும் மொழுமொழுவென்று இருந்தன. கொம்பையன் மூக்கை நீட்டி மோந்து பார்த்தான். மோந்தவுடன் முதுகு மயிரெல்லாம் சிலிர்த்தது.

"மகாராஜா! நீங்களா?"

"உஷ்" என்றார் உக்கிரசிம்மர். "பலாப்பால் எதற்கும் போகவில்லை. முள்ளம்பன்றியைக் கூப்பிட்டுப் பிடரியை மழித்துக்கொண்டேன். அப்படியே ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டு வரலாம் என்று தனியாகப் போனேன். திரும்பி வந்தால் வாசலில் கரடி விடவில்லை. ராஜாவுக்குப் பிடரி உண்டு, உனக்கு இல்லை, குறையிருந்தால் கவுண்ட்டரில் சொல் என்கிறான். என் கரடி! என்னிடம்!"

அவர் முறை வந்தது. ஆமை தலையை நீட்டினார்.

"என்ன பிராணி?"

"சிங்கம்."

"திரும்பு."

"நான் திரும்பமாட்டேன்!"

"திரும்பாட்டி அடுத்த ஆளு வரட்டும்." ஆமை எட்டிப் பார்த்தார். "பிடரி இல்லை. இது பெரிய பூனை. பூனை வரிசை அந்தப் பக்கம்."

ராஜா கர்ஜித்தார். மலை அதிர்ந்தது. ஆமை ஓட்டுக்குள் இருந்தே, "சத்தம் போடாதீங்க, உங்களை மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு" என்றார்.

"ஐயா, இவரு நிஜமாவே மகாராஜாதாங்க" என்றான் கொம்பையன்.

"நீ அரசு ஊழியன். உனக்குக் கருத்துக் கிடையாது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கொம்பையன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. உக்கிரசிம்மரின் மொட்டைக் கழுத்து கூசிச் சுருங்குவதைப் பார்த்தான். பாவமாக இருந்தது. இதற்குள் கரியமாணிக்கம் வந்து ராஜாவின் தோளில் உட்கார்ந்துவிட்டான்.

"வாங்கண்ணே. உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது. நீங்க சிங்கம்தான்."

உக்கிரசிம்மர் பொலபொலவென்று கண்ணீர் விட்டார். அன்று சாயங்காலமே வால் காப்பு முன்னணியில் சேர்ந்தார். மறுநாள் பொதுக்கூட்டத்தில் அவரைப் பேசச் சொன்னார்கள். அந்தக் குரலுக்கு முன்னால் வேறு யார் நிற்க முடியும்? "இந்தக் காட்டில் ராஜா என்று ஒருவன் இருக்கிறானாமே!" என்று அவர் முழங்கினார். "கொடுங்கோலன்! அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்!" கூட்டம் எழுந்து ஆடியது. தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். செவந்தப்பன்கூடத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தான்.

அடுத்த நாள் முன்னணி அரண்மனையை நோக்கிக் கிளம்பியது. ஒரு பெரிய பாறையை உருட்டிக் குகைவாசலில் தள்ளி, உள்ளே இருக்கிற அரசாங்கத்தை அப்படியே மூடிவிடுவது என்று திட்டம். செய்தி கேட்டதும் அலகேசன் பக்கத்துக் காட்டில் ஒரு பயிற்சி முகாம் என்று பறந்துவிட்டார். வாசல் கரடி ஊர்வலத்தைப் பார்த்தது, ஒரு கோஷம் போட்டது, சேர்ந்துகொண்டது. ஆமை தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு கல்லாக மாறிவிட்டார்.

குகைவாசலில் கொம்பையன் மட்டும் நின்றான். அவன் ராஜினாமாவை வாங்கிக்கொள்ள ஆளில்லை. வேலை இன்னும் இருந்தது. வேலை இருந்தால் வரவேண்டும் அல்லவா?

பாறை வந்து நின்றது. அதை மோதி உருட்ட முப்பது நாற்பது காட்டெருமைகள் கொம்பைத் தாழ்த்திக் காத்திருந்தன. அதற்கும் முன்னால், முதல் வரிசையில், சிலம்பாயி.

"ஏங்க, நகருங்க. அரசாங்கத்தை மூட வந்திருக்கோம்."

"உள்ளே யாருமில்ல சிலம்பு. நான் ஒருத்தன்தான் அரசாங்கம்."

கூட்டம் குழம்பியது. இவ்வளவு பெரிய பாறைக்கு இவ்வளவு சின்ன அரசாங்கமா? "அப்ப உன் மேலயே உருட்டறோம்" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். எருமைகள் மண்ணைப் பறித்தன. பாறை ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. சிலம்பாயியின் முகம் வெளுத்தது.

கொம்பையன் சுற்றிலும் பார்த்தான். ஓடத் தோன்றியது, ஆனால் பின்னால் குகை. உயிர் பிழைக்க எதையாவது பேசி நேரத்தைக் கடத்தவேண்டும் என்று மட்டும் தோன்றியது. வாயில் வந்ததைச் சொன்னான்.

"உருட்டுங்க. அதுக்கு முன்னாடி சொல்லுங்க. உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

எருமைகள் கொம்பை நிமிர்த்தின. அந்தக் கேள்வியை அரசாங்கம் கேட்டு அவர்கள் பார்த்ததே இல்லை. "எனக்கா?" என்றது முள்ளம்பன்றி. "எனக்குத்தான் முதல்ல" என்றது ஆந்தை. "நான் காலையிலேர்ந்து நிக்கறேன்" என்றது மான், கொம்பில் வௌவாலோடு. யார் முதலில் என்று பெரிய சண்டை. கடைசியில் பாறையை அணைகொடுத்து நிறுத்திவிட்டு, அவர்களாகவே வரிசையில் நின்றார்கள்.

"உட்காருங்க" என்றான் கொம்பையன் முள்ளம்பன்றியிடம். முள்ளம்பன்றி உட்கார்ந்து, அழுது, பேசி, மறுபடி அழுதது. "உன்னாலதான்டா பாவி" என்றது. "ஆமா, நான்தான்" என்றான் கொம்பையன். தோண்டின குழிகள் காடெங்கும் சும்மாதான் கிடந்தன. அதில் நல்லதாக ஒன்றைப் பார்த்து வளையாகச் செதுக்கிக் கொடுத்தான். ஆந்தைக்கு விழுந்த மரத்தின் பொந்து. தவளைகளுக்கு ஆழக் குழிகள், மழை வந்தால் குளம். தீர்க்கமுடியாதவையும் இருந்தன. போன நாவல்மரத்தைத் திருப்பித் தர முடியாது. அதற்கு, "முடியாதுங்க" என்றான். முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொன்னதற்கே பலபேர் திருப்தியாகப் போனார்கள். செவந்தப்பனும் தன் முறைக்கு வந்து நின்றான். "நீ அணில்தான்டா தம்பி. அன்னைக்குச் சிரிச்சது தப்பு" என்றான் கொம்பையன். செவந்தப்பன் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தாவிப் போனான். சிலம்பாயியும் வரிசையில்தான் வந்தாள். அவள் குறை மட்டும் ஒரு பகல் முழுக்கப் போனது.

நாளாக நாளாக முன்னணி கரைந்தது. கூட்டத்துக்கு ஆள் வரவில்லை, எல்லோருக்கும் வீட்டில் வேலை. வால் பற்றிக் கரியமாணிக்கம் அனுப்பின செய்திகளைக் கேட்டு, "கொம்பண்ணன்கிட்ட கேட்டுக்கறோம்" என்றார்கள். பதறி ஓட ஆளில்லை, பறக்கப் பூச்சியில்லை. கரியமாணிக்கத்துக்கு இடுப்பெலும்பு தெரிந்தது.

முதல் மழை பெய்த அன்று மிச்சமிருந்தவர் தலைவர் ஒருவர்தான். உக்கிரசிம்மர் காலி மைதானத்தில் நின்றார். பிடரி இதற்குள் நன்றாக வளர்ந்துவிட்டிருந்தது.

"என் பேச்சைக் கேட்க யாருமே இல்லை" என்றார்.

"அண்ணே" என்றான் தோளில் இருந்த கரியமாணிக்கம், "பிடரி வந்திருச்சு. நீங்க ஏன் இன்னும் தலைவரா இருக்கணும்? பழையபடி ராஜாவா இருங்க. எனக்கு ஒரு சின்ன வேலை போட்டுக் கொடுங்க, போதும்."

கரடி வாசலுக்கு ஓடி வந்து சலாம் போட்டது. ஆமை தலையை நீட்டிப் பார்த்து, "ஆ, சிங்கம்!" என்றார். கரியமாணிக்கம் தலைமைச் செயலர் ஆனான். அன்றைக்கே அலகேசனின் குரலில் ஒலிபெருக்கியில் அறிவித்தான். "கிழங்குத் துறை ஊழியர் கொம்பையன், உரிய அனுமதியின்றிப் பிராணிகளின் குறைகளைக் கேட்டு, நல்லபடியாக நடந்துவந்த ஒரு புரட்சியைக் கலைத்த குற்றத்துக்காக ஆற்றுக்கு அக்கரைக்கு நாடு கடத்தப்படுகிறார்."

 சிலம்பாயி, "நல்லவேளை, அக்கரைச் சேறு இதைவிட நல்ல சேறு" என்றாள். இருவரும் நீந்திப் போனார்கள்.

போன மறுநாளே இக்கரையில் ஒரு மான் வந்து நின்று, "கொம்பண்ணே, கேக்குதா?" என்று கத்தியது. "சொல்லு" என்று அக்கரையிலிருந்து பதில் வந்தது. அப்புறம் தினமும் கூட்டம். கரையில் நின்று கத்திவிட்டு, மனசு லேசாகிப் போவார்கள். அரசாங்கம் கரையில் காவலுக்குக் கரடியை நிறுத்தியது. கரடி ஒரு நாள் பொறுத்தது. மறுநாள் அதுவும், "அண்ணே, எனக்கு மாமியார் தொல்லைண்ணே" என்று ஆரம்பித்துவிட்டது.

ஒரு மத்தியானம் கரையில் யாருமில்லாத நேரம் பார்த்து உக்கிரசிம்மர் வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கையை வாய்க்குக் குவித்துக்கொண்டு மெதுவாகக் கூப்பிட்டார்.

"கொம்பையா..."

"மகாராஜாவா? சொல்லுங்க. காத்து எதிர்த்து அடிக்குது, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

ராஜா மூச்சை இழுத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னார். சிங்கத்தின் தொண்டை. காட்டில் ஒரு பிராணி பாக்கியில்லாமல் எல்லோரும் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதினால் எனக்கும் அக்கரைதான்.

நீதி: நாட்டில் கலகக்காரர்கள் குறைந்துகொண்டே வந்தால் அரசாங்கம் அசட்டையாக இருக்கக்கூடாது. எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அவனைப் பிடித்து அப்புறப்படுத்திவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பழையபடி ஆகிவிடும். ஆறு மட்டும் கொஞ்சம் அகலமாக இருக்கவேண்டும்.